துணைநூல் வாங்கும் முன்...

கடந்த தீபாவளி விடுமுறைக்கு என் அண்ணன் பேத்தி சென்னைக்கு வந்திருந்தாள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, மேல்நிலைத் தேர்வில் வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்று, தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டில் சேர்ந்திருப்பவள். வந்த மறுநாள் காலையில் பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து என் மேசைமேல் அடுக்கினாள். மூன்றும் கரிம வேதியியலுக்கான துணைநூல்கள். ஒன்று, வினா-விடை வடிவில் அமைந்த கைடு. மற்றொன்று, மூத்த மாணவி ஒருத்தி பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போன தடித்த நூல். மூன்றாவது, நகலெடுக்கும் கடையில் சுருள்கம்பி கோத்துக் கட்டித்தந்த குறிப்புகள். இத்தனையும் இருந்தும் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் அவள் பெற்றது 50-க்கு 14.

"நான்காவதாக ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், சின்னத் தாத்தா. எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றாள்.

நான் பொருளியல் ஆசிரியன். கரிம வேதியியலோடு எனக்கிருந்த உறவு புகுமுக வகுப்போடு முடிந்துவிட்டது. ஆயினும் துணைநூல்களைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. அது பெருமைக்குரிய தகுதி அன்று. நானே ஒரு கைடு எழுதியவன்.

1990-களின் தொடக்கத்தில் பதிப்பாளர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பி.ஏ. பொருளியல் மாணவர்களுக்காக நுண்ணினப் பொருளியலில் வினா-விடை நூல் ஒன்றை எழுதிக்கொடுத்தேன். முந்தைய ஆண்டுகளின் பல்கலைக்கழக வினாத்தாள்களை அடுக்கிவைத்துக்கொண்டு, திரும்பத்திரும்பக் கேட்கப்பட்ட வினாக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்க விடை. நூல் நன்றாக விற்றது. அதில் முற்றுரிமை அங்காடியைப் பற்றிய விடையில் ஒரு வரைபடம் உண்டு. இறுதிநிலைச் செலவுக் கோடும் இறுதிநிலை வருவாய்க் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம், உற்பத்தி அளவை மட்டுமே காட்டும். விலையை அறிய அங்கிருந்து செங்குத்தாக மேலே சென்று சராசரி வருவாய்க் கோட்டைத் தொட வேண்டும். அச்சான படத்திலோ, வெட்டும் புள்ளியிலேயே விலை குறிக்கப்பட்டிருந்தது. மெய்ப்புப் பார்த்தவன் நான்தான்.

அடுத்த ஆண்டு மதிப்பீட்டு முகாமில் விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்தபோது அந்தத் தவறு என்னை வந்து பார்த்தது. ஒன்றன்பின் ஒன்றாக, விடைத்தாளுக்கு விடைத்தாள், அதே படம், அதே தவறு. எழுத்துகள்கூட நூலில் இருந்த அதே இடங்களில் இருந்தன. என்னைத் திடுக்கிடச் செய்தது அதுவல்ல. படத்துக்குக் கீழே, 'முற்றுரிமையாளர் நிர்ணயிக்கும் விலை இறுதிநிலைச் செலவைவிட அதிகமாக இருக்கும்' என்று அதே மாணவர்கள் சரியாக எழுதியிருந்தார்கள். மேலே உள்ள படம் இரண்டும் சமம் என்கிறது. கீழே உள்ள வாக்கியம் ஒன்று மற்றொன்றைவிட அதிகம் என்கிறது. இந்த முரண் அந்தக் கட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர்கள் படித்திருக்கவில்லை, படியெடுத்திருந்தார்கள்.

நான் அனைவருக்கும் மதிப்பெண் போட்டேன். தவறு என்னுடையது என்று அதே மேசையில் இருந்த சக ஆசிரியர்களிடம் சொல்லவில்லை. பதிப்பாளரிடம் திருத்தம் கேட்டபோது, இருக்கும் படிகள் விற்றுத் தீரட்டும் என்றார். அதன்பின் மறுபதிப்புக்கு நான் இசையவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனால், அன்று முதல் துணைநூல் எதையும் என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடிந்ததில்லை.

ஒரு பொருளை வாங்குபவருக்கு அதன் தரம் தெரியாது, விற்பவருக்குத் தெரியும் என்ற நிலை இருந்தால் அந்தச் சந்தை என்னவாகும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். துணைநூல் சந்தை பழைய கார் சந்தையைவிடச் சிக்கலானது. காரை வாங்கி ஒரு மாதம் ஓட்டினால் அதன் குணம் தெரிந்துவிடும். துணைநூலைப் படித்து முடித்த பிறகும் அது நல்லதா கெட்டதா என்று மாணவருக்குத் தெரியாது. மதிப்பெண் வந்தால் நூல் நன்று என்கிறார். அந்த மதிப்பெண் புரிதலால் வந்ததா, எதிர்பார்த்த வினா அப்படியே வந்ததால் கிடைத்ததா என்று யார் பிரித்துச் சொல்வது?

கைடு வாங்கும் மாணவரை நான் குறைகூற மாட்டேன். பழைய வினாக்களே திரும்பவும் வரும் தேர்வுக்கு, பழைய விடைகளை மனப்பாடம் செய்வது அறிவார்ந்த முடிவுதான். கோளாறு வினாத்தாளில் இருக்கிறது. அதைத் திருத்துவது தனிக்கதை. ஆனால் கரிம வேதியியல் என்னும் பாடத்துக்கு ஓர் இயல்பு உண்டு: மனப்பாடத்தை அது ஓரளவுக்குத்தான் பொறுத்துக்கொள்ளும். முதல் பருவத்தில் ஐம்பது வினைகள் என்றால் மூன்றாம் பருவத்தில் அவை சில நூறாகிவிடும். முதுநிலைப் படிப்புக்கான ஜாம் போன்ற நுழைவுத் தேர்வுகளில், எந்தக் கைடிலும் இல்லாத மூலக்கூறைப் படம் போட்டுக் காட்டி, இது என்ன ஆகும் என்று கேட்பார்கள். அங்கே ஏமாறுபவர்கள் பெரும்பாலும் பயிற்சி மையங்களுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள்.

எனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதே முறை. எங்கள் கல்லூரியில் வேதியியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பரை அழைத்துக்கொண்டு, மூவருமாகத் திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடைகளுக்குப் போனோம். பெயர் பாரதி சாலை என்று மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது. எங்கள் தலைமுறைக்கு அது இன்னமும் பைகிராப்ட்ஸ் சாலைதான். வழியிலேயே நண்பர் ஒரு யோசனை சொன்னார். "முன்னுரையையும் அட்டையையும் பார்க்காதேம்மா. ஒரே ஒரு வினையை மனத்தில் வைத்துக்கொள். எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தை மட்டும் திற."

அவர் தேர்ந்தெடுத்த வினை, புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்வது. புரோப்பீன் என்பது மூன்று கார்பன்கள் வரிசையாக அமைந்த மூலக்கூறு. ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பு. அந்தப் பிணைப்பில் முனைக் கார்பன் ஒன்று, நடுக் கார்பன் ஒன்று. ஹைட்ரஜன் எதில் சேரும், புரோமின் எதில் சேரும்? 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய வேதியியலாளர் மார்க்கோவ்னிகாஃப் இதற்கு ஒரு விதி சொன்னார்: ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகமாக உள்ள கார்பனில்தான் புதிய ஹைட்ரஜனும் சேரும். பணம் பணத்தோடு சேரும் என்று நம் ஊரில் சொல்வதைப் போல. பொருளியல்காரனான எனக்கு இந்த விதி உடனே பிடித்துப்போயிற்று.

முதலில் திறந்த கைடு அங்கேயே நின்றுவிட்டது. விதி, ஒரு சமன்பாடு, அடிக்கோடிட்ட விடை. அடுத்த பக்கத்தில் இன்னொரு விதி: பெராக்சைடு சிறிதளவு கலந்திருந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும், புரோமின் முனைக் கார்பனுக்குப் போய்விடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கராஷும் மேயோவும் 1933-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஆக, மாணவர் மனப்பாடம் செய்ய ஒரு விதி, அதற்கு ஒரு விதிவிலக்கு. என் அண்ணன் பேத்திக்கு இரண்டும் தெரிந்திருந்தன. தேர்வில் வேறொரு மூலக்கூறைக் கொடுத்தபோது எதைப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

நண்பர் நடைபாதையிலேயே ஒரு துண்டுத்தாளை எடுத்து வரைந்து காட்டினார். பெராக்சைடு இல்லாதபோது முதலில் வந்து சேர்வது நேர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜன். அது முனைக் கார்பனோடு சேர்ந்தால், மின்சுமை நடுக் கார்பனில் தங்கும். நடுவில் இருப்பவனுக்கு அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள இருபுறமும் ஆள் உண்டு. முனையில் இருப்பவனுக்கு ஒருபுறம் மட்டுமே. எனவே நடுவில் சுமை நிற்கும் வழியே எளிய வழி. பின்னர் வரும் புரோமின் அந்த நடுக் கார்பனோடு சேர்கிறது. பெராக்சைடு இருக்கும்போது முதலில் வந்து சேர்வது ஹைட்ரஜன் அல்ல, புரோமின். அதுவும் அயனியாக அன்றி, இணையில்லாத ஓர் எலக்ட்ரானோடு கூடிய தனி உறுப்பாக. அதுவும் அதே காரணத்துக்காக முனைக்கே போகிறது, இணையில்லாத எலக்ட்ரானை நடுக் கார்பனில் விட்டுவிட்டு. கடைசியில் வரும் ஹைட்ரஜனுக்கு நடுக் கார்பன்தான் கிடைக்கிறது.

"அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா?" என்று கேட்டாள் அவள். இரண்டிலும் முதலில் வருவது முனைக்குப் போகிறது. யார் முதலில் வருகிறார் என்பதுதான் மாறுகிறது. விதியும் இல்லை, விதிவிலக்கும் இல்லை. இடையில் உருவாகும் பொருள் எவ்வளவு நிலையானது என்ற ஒரே கேள்விதான். பொருளியலில் தேவை, அளிப்பு என்ற இரண்டு கோடுகள் புரிந்துவிட்டால் நூறு சந்தைகள் புரிவதைப் போன்றது இது. 65 வயதைக் கடந்த பிறகு நடைபாதையில் நின்று ஒன்றைப் புரிந்துகொண்ட மகிழ்ச்சி எனக்கு.

நண்பர் வரைந்ததில் வளைந்த அம்புகள் இருந்தன. வேதியியலர் அல்லாதாருக்கு அவற்றைப் பற்றி ஒரு சொல். கரிம வேதியியல் நூல்களில் காணும் அந்த வளைந்த அம்பு, எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே செல்கின்றன என்பதைக் காட்டுவது. ராபர்ட் ராபின்சன் என்னும் ஆங்கிலேய வேதியியலர் 1920-களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அம்பின் வால் எலக்ட்ரான்கள் இருக்கும் இடத்திலும், தலை அவை சென்றடையும் இடத்திலும் இருக்க வேண்டும். இங்கே இரட்டைப் பிணைப்பில்தான் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எனவே அம்பு பிணைப்பிலிருந்து ஹைட்ரஜனை நோக்கிச் செல்ல வேண்டும். இந்தப் பாடத்தில் அம்பு போடத் தெரிவதே எழுதப் படிக்கத் தெரிவது. ஒரு துணைநூல் அம்புகளை எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் அதன் தரம் பாதி தெரிந்துவிடும் என்றார் நண்பர். மறுபாதி, விளக்கம் முடிந்ததும் அது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. 2-மெத்தில்புரோப்பீனுக்கு நீயே அம்பு போட்டுக் காட்டு என்று சொல்லி, வெற்றிடம் விட்டு, விடையை வேறு பக்கத்தில் வைத்திருக்கிறதா? அல்லது அடுத்த வரியிலேயே விடையைச் சொல்லிவிடுகிறதா?

இது வெறும் ஆசிரியர் பிடிவாதம் அன்று. செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத்திரும்பப் படித்த மாணவர்களையும், படித்தபின் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப்பார்த்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத்திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறியது; எழுதிப்பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. விடை தரும் நூல் நமக்குத் தரும் தெளிவு அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான்.

அதற்காக விடையே இல்லாத நூலை வாங்கிக்கொண்டு இரவெல்லாம் மோதிக்கொள்வதும் பயன் தராது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவருடன் ஆய்ந்தவர்களும், ஒரு துறைக்குப் புதிதாக வருபவருக்கு முழுமையாகத் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகள் தேவை என்று 1980-களிலேயே காட்டியிருக்கிறார்கள். முதல் கணக்கு முழுதாகத் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டாவது பாதி, மூன்றாவது மாணவருடையது. நம் பாட்டிமார் கோலம் சொல்லிக்கொடுத்த முறையும் இதுதான்.

இனி நூல்களின் பெயர்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டேவிட் கிளைன் எழுதிய 'ஆர்கானிக் கெமிஸ்ட்ரி அஸ் எ செகண்ட் லாங்குவேஜ்' என்னும் பயிற்சி நூல் மேற்சொன்ன முறையில் அமைந்தது. இரண்டு பகுதிகளாகக் கிடைக்கிறது. கரிம வேதியியலை ஒரு மொழியாகக் கற்க வேண்டும் என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது. நடைபாதையில் அதன் பழைய படி ஒன்று மலிவாகக் கிடைத்தது. திறந்து பார்த்தால், யாரோ ஒரு கருமமே கண்ணானவர் எல்லா வெற்றிடங்களையும் நீல மையால் நிரப்பிவைத்திருந்தார். பயிற்சி நூலைப் பழையதாக வாங்குவதில் உள்ள இடர் இது. பென்சிலால் எழுதியிருந்தால் அழித்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜில் இருந்த பீட்டர் சைக்ஸின் வினைவழிமுறைக் கையேடு 1961-இல் முதன்முதலாக வந்தது; மெலிந்த நூல், ஆனால் அடர்த்தியானது. முதலாண்டு மாணவர் அதில் நுழைந்தால் மூச்சுத் திணறும். இரண்டாமாண்டில் அதுவே இனிக்கும் என்றார் நண்பர். கிளேடனும் உடன் மூவரும் எழுதிய ஆக்ஸ்போர்டு நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. அருமையான நூல்தான். ஆனால் அது பாடநூல், துணைநூல் அன்று. அவள் பையில் இருந்த மாரிசன்-பாய்டுக்கும் இது பொருந்தும். துணைக்கு வந்தவர் வீட்டுக்காரரைவிடப் பெரியவராக இருந்தால் குடும்பம் நடக்காது.

வீடு திரும்பியபின்தான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. பேச்சின் நடுவே நண்பர் 'நியூக்ளியோஃபைல்' என்றார். அவள் தயங்கினாள். பிறகு, "கருக்கவர் பொருள் என்று பிளஸ் ஒன்னில் படித்தோமே, அதுவும் இதுவும் ஒன்றா?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்றதும் அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. நான்கு மாதங்களாக வகுப்பில் அமர்ந்து, தெரிந்த ஒன்றையே தெரியாத ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கருவைக் கவர்வது, எலக்ட்ரானைக் கவர்வது என்று தமிழ்ச் சொற்கள் தம் பொருளைத் தாமே சொல்லிக்கொண்டு நிற்கின்றன. அவற்றிலிருந்து ஆங்கிலப் பெயருக்குச் செல்ல ஒரு சிறு பாலத்தை எவரும் அவளுக்குப் போட்டுத்தரவில்லை.

அந்தப் பாலம் விலையில்லாமல் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் இரண்டாம் தொகுதியில் கரிம வேதியியலின் அடிப்படைகள் உள்ளன. தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் ஒரே பாடவரிசையும் ஒரே படங்களும் கொண்டவை. இரண்டையும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் அருகருகே திறந்துவைத்து, பத்திக்குப் பத்தி ஒப்பிட்டு, ஒரு நோட்டில் இருமொழிச் சொற்பட்டியல் தயாரிக்கும்படி சொன்னேன். தமிழ்வழியில் படித்து வரும் முதலாண்டு மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் துணைநூல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிளைன் அதற்குப் பிறகு.

இன்னொன்றும் செய்தோம். கார்பனோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால் அந்த மூலக்கூறும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா என்பது, வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் 1874-இல் தனித்தனியே முன்வைத்த கருத்திலிருந்து வருவது. தட்டையான தாளில் இதை விளக்க எந்த நூலாலும் முழுமையாக இயலாது. பந்தும் குச்சியுமாக மாதிரிப் பெட்டிகள் விற்கிறார்கள். இன்னொரு கைடு வாங்கும் பணத்தை அதற்குச் செலவிடலாம். அன்று எங்களிடம் பெட்டி இல்லை. உருளைக்கிழங்குத் துண்டில் பல்குத்தும் குச்சிகளைச் செருகி, பட்டாணி, திராட்சை, சுண்டைக்காய், சின்ன வெங்காயம் என நான்கையும் நான்கு முனைகளில் குத்தி, எதிரெதிராக இரண்டு செய்தாள். கால்மணி நேரம் திருப்பித்திருப்பிப் பொருத்திப் பார்த்தாள். திராட்சையும் பட்டாணியும் பொருந்தினால் வெங்காயம் இடம் மாறி நிற்கும். என் மனைவி சமையலுக்கு வைத்திருந்த வெங்காயத்தைக் கேட்டு வந்தபோதுதான் பாடம் முடிந்தது.

செலவைப் பற்றி ஒரு சொல் சொல்லாவிட்டால் நான் பொருளியல் ஆசிரியன் ஆகமாட்டேன். ஒரு துணைநூலின் விலை அட்டையில் அச்சிட்ட தொகை அன்று. ஒரு பருவத்தில் அந்தப் பாடத்துக்கென அவளிடம் உள்ள நேரம் வாரத்துக்கு நான்கு மணி என்றால், பதினைந்து வாரத்துக்கு அறுபது மணி. அந்த அறுபது மணியை மூன்று நூல்களுக்குப் பங்கிட்டால் எதிலும் முதல் இரண்டு அத்தியாயங்களைத் தாண்ட முடியாது. அவளுடைய மூன்று நூல்களிலும் முதல் நாற்பது பக்கங்கள் மட்டுமே கசங்கியிருந்தன. பணம் கொடுத்து வாங்கிவிட்டோமே என்பதற்காக ஒரு நூலைத் தொடர்ந்து படிப்பதும் வீண். போன பணம் போனதுதான், இனிப் போகவிருக்கும் நேரம்தான் கணக்கு. நான்காவது வாங்குவதற்கு முன் இரண்டை ஒதுக்கிவிடு என்றேன்.

ஊருக்குக் கிளம்பும்போது கைடையும் சுருள்கம்பிக் குறிப்புகளையும் என் அலமாரியிலேயே விட்டுச் சென்றாள். மாரிசன்-பாய்டைப் பாடநூலாக வைத்துக்கொண்டு, கிளைனின் புதிய படி ஒன்றைக் கையோடு கொண்டுபோனாள். அடுத்த அகமதிப்பீட்டில் 50-க்கு 27 என்று தொலைபேசியில் சொன்னாள். மகிழ்ந்தேன்; துள்ளிக் குதிக்கும் எண் அன்று.

சில நாள்களுக்கு முன் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது அந்தக் கைடைப் புரட்டினேன். புரோப்பீன் பக்கத்தில், ஹைட்ரஜனிலிருந்து இரட்டைப் பிணைப்பை நோக்கி அம்பு அச்சாகியிருந்தது. அந்த அம்பைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில் அவள் கையெழுத்தில், 'தலைகீழ்?'